மாலை போட்ட பேனல்

ஏ மருமவனே, வா. இப்படித் திண்ணையில உக்காரு. சாரல் அடிக்கி, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக்க. உனக்காவச் சொல்லல. கையில வச்சிருக்கியே அந்தக் காயிதம், அது நனைஞ்சிறக் கூடாதுல்லா. அந்தச் சான்றிதழை நம்பித்தானே எம் மொட்டமாடியில மூணு கிலோவாட்டுக்குச் சூரியப் பேனலு ஏத்தப் பாக்க.

நான் வேண்டாம்னு சொல்லுத ஆளு கெடையாது. முப்பது வருஷம் மின்வாரியத்துல கம்பம் ஏறி எறங்குனவன். 2024 பிப்ரவரியில ஆரம்பிச்ச திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூவா மானியம் வருதுன்னு நீ வாரதுக்கு முன்னாடியே விசாரிச்சு வச்சிருக்கேன். மானியம் வந்துரும். பேனலு நிக்குமா? அதைச் சொல்லு.

நம்ம ஊருக்குப் பேரு குத்துக்கல்வலசை. குத்துக்கல்லுன்னா நட்டு வச்ச கல்லு. வெயிலு, மழை, ஆடிக் காத்து, நாய் காலைத் தூக்குதது, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நிக்கும். எந்த லேபும் அதுக்கு முத்திரை குத்தல. வலசைன்னா இடம் விட்டு இடம் போற கூட்டம். பேனல் விக்க வார கம்பெனியில பாதி ரெண்டாவது ரகம். நாலு வருஷம் போர்டு தொங்கும், பெறவு வலசை போயிரும். வாரண்டிக் காயிதம் மட்டும் நம்ம வீட்டு பீரோவுக்குள்ள குத்துக்கல்லா நிக்கும்.

"இருபத்தஞ்சு வருஷ வாரண்டி மாமா"ன்னு நேத்து நீ சொன்னப்ப உங்க அத்தை அடுப்படியில சிரிச்சாளே, காதுல விழுந்துதா? எனக்கு எழுபத்தி நாலு. பேனலு படுத்துதுன்னா தொண்ணுத்தொம்பது வயசுல கம்ப ஊணிக்கிட்டு நான் உன் கம்பெனி வாசல்ல போய் நிக்கணும். கம்பெனிக்கு என்ன வயசுன்னு கேட்டேன். மூணுன்ன. மூணு வயசுப் பிள்ள இருபத்தஞ்சு வருஷத்துக்கு வாக்குக் கொடுக்கு! அதுலயும் ஒரு சூட்சுமம் வச்சிருக்காவ. இருபத்தஞ்சு வருஷங்கது கரண்டு ஒரு அளவுக்குக் கீழ, எண்பது சதவீதம்னு வையி, எறங்காதுங்கத வாக்கு. பின்தாள் வெடிச்சுது, பின்னால இருக்க வயரு டப்பா கழண்டுதுன்னா மாத்தித் தாரது பெரும்பாலும் பத்துப் பன்னெண்டு வருஷத்துக்குத்தான். ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னா எவனுக்கு வித்தியாசம் தெரியப் போவுது.

சரி, சான்றிதழ் எப்படி வாங்குதாவன்னு ராத்திரி விளக்கினியே, அதுல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பேனலை ஒரு பெட்டிக்குள்ள போட்டு, 85 டிகிரிச் சூட்டுல, 85 சதவீத ஈரப்பதத்துல, 1000 மணி நேரம் அவிச்சு எடுக்காவ. படுத்துக்கிட்டே விரலை மடக்கிக் கணக்குப் பாத்தேன். நாப்பத்தோரு நாளும் பதினாறு மணி நேரமும் வருது. ஏலே, அது ஐயப்பன் விரதம்லா! கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டான்னா நம்ம தெருப் பயலுவளை மாதிரி உத்தமன் உண்டா? விடியக்காலம் பச்சத்தண்ணிக் குளியல், வாயத் தொறந்தா சாமி சரணம். மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டுத அன்னைக்கு அந்தியில எந்தக் கடை வாசல்ல நிப்பான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விரதம் இருந்தது மெய்தான். அதை மட்டும் வச்சு ஒருத்தன் பொண்ணு கொடுப்பானா?

சோதனையக் கேலி பண்ணுதேன்னு நெனைச்சிராத. அந்தக் காலத்துல, 1970-கள்ல, அமெரிக்காவுல விண்கலம் செய்யுத ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்துக்காரங்க தவணை தவணையாப் பேனல் வாங்கினாவ. ஒவ்வொரு தவணைக்கும் சோதனையக் கடுசாக்குனாவ. அதுக்கு அப்புறம் வந்த பேனலு சாவுதது வெகுவாக் கொறைஞ்சு போச்சு. அந்த வழியில வந்ததுதான் 1993-ல போட்ட ஐ.இ.சி. 61215-ங்கத தரம். நம்ம நாட்டுல அதுக்கு ஐ.எஸ். 14286-ன்னு பேரு. 2017-ல மத்திய அரசு உத்தரவு போட்டுக் கட்டாயமாக்குச்சு. எல்லாம் நல்லதுதான். ஆனா அது பிரசவம் பாக்குத மருத்துவச்சி வேலை. பிள்ள அழுதுதா, கை கால் ஆடுதா, அவ்வளவுதான் பாக்கும். ஜாதகம் கணிக்காது. பேனலோட ஆயுசு அது இருக்கப் போற இடத்தையும் சூழலையும் பொறுத்ததுன்னு அந்தத் தரமே சொல்லுது. விக்க வாரவனுக்கு மட்டும் அந்த வரி வரும்போது கண்ணு மங்கிருது.

வெயில் சோதனையப் பாரு. அந்த நீலத்துக்கு மேல கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்குல்லா, புற ஊதா, அதைச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டு காட்டுதாவளாம். நம்ம ஊரு வெயிலுக்கு அது ரெண்டு மாசத்துச் சாப்பாடு. மிச்சம் இருபத்திநாலு வருஷமும் பத்து மாசமும் யாரு காட்டுவா? எம் மொட்டமாடி காட்டும். அதாவது சோதனைக்கூடம் என் வீடு, சோதனைக்குக் காசு கொடுக்கவனும் நான்.

இது விளையாட்டுப் பேச்சு இல்ல மருமவனே, நடந்த கதை. 2010-ஐ ஒட்டி ஒரு வகைப் பாலிஅமைடுப் பின்தாள் போட்ட பேனலு உலகம் பூராப் போச்சு. எல்லாம் முத்திரை வாங்குனதுதான். ஒரு அஞ்சாறு வருஷத்துல முதுகு வெடிச்சுப் பாளம் பாளமா விட்டுது, சித்திரையில குளத்துக் கரம்பை வெடிக்குமே அப்படி. ஏன்னு பாத்தா, லேபுல வெயிலைத் தனியாக் காட்டிருக்காவ, சூட்டைத் தனியா, ஈரத்தைத் தனியா. பெறவு கொலராடோவுல ஒரு ஆய்வகத்துக்காரங்க எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள மாத்தி மாத்திக் காட்டுனாவ. அப்பதான் கூரையில வந்த அதே வெடிப்பு லேபுலயும் வந்துது. இதுக்கு அம்புட்டுத் தூரம் போவணுமா? ஆனி மாசம் நம்ம ஊருக்கு வந்தாப் போதும். பத்து மணிக்குச் சுள்ளுன்னு வெயில். பத்தரைக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியாக் காத்து சாரலை வாரிக்கிட்டு வரும். பதினொண்ணுக்குத் திரும்ப வெயில். கொதிச்சுக் கெடக்க கண்ணாடியில தண்ணி தெளிச்சுத் தெளிச்சு எடுத்த மாதிரி, நாள் பூரா.

மேலத்தெருவுல ஒருத்தரு ஆறு வருஷத்துக்கு முந்தி போட்டாரு, எந்தக் கம்பெனின்னு கேக்காத. ஒரு நாள் "அண்ணாச்சி, பேனலு பூரா நத்தை ஊர்ந்திருக்கு, துடைச்சா போவ மாட்டேங்கு"ன்னு கூப்பிட்டாரு. நானும் ஏறித் தேங்காநாரு வச்சுத் தேய்ச்சேன். கைதான் வலிச்சுது. கண்ணாடிக்கு உள்ள இருக்க தடத்தை வெளிய இருந்து தேய்ச்சா எப்படிப் போவும்? சில்லுல மயிரிழை மாதிரி கீறல் விழுந்து, பின்தாள் வழியா ஈரம் ஏறி, அந்தக் கீறல் மேல ஓடுத வெள்ளிக் கோடு கறுத்துப் போயிருக்கு. உங்க பாசையிலயும் அதுக்கு நத்தைத் தடம்னுதான் பேராமே. கீறல் எப்ப விழுந்துதுன்னு நான் சொல்லுதேன். மாட்ட வந்த பயலுவ ஒவ்வொரு பேனலையும் தலையில சும்மாடு கட்டித் தூக்கிட்டுப் படி ஏறுனானுவ. ஒருத்தன் மேல நின்னு பீடி குடிச்சான். அந்தச் சோதனை எந்த ஐ.இ.சி.யில இருக்கு?

காத்துக்கும் ஒரு சோதனை உண்டுன்ன. 2,400 பாஸ்கல் அழுத்தம். இப்ப வார பெரிய பேனலுக்குக் கணக்குப் போட்டா எட்டு மூட்டை நெல்லை மேல அடுக்குன பாரம். அசையாம ஒரு மணி நேரம் வச்சு எடுக்காவ. நம்ம ஆடிக் காத்து மூட்டை மாதிரி சும்மா உக்காந்தா இருக்கும்? புடிச்சு உலுக்கும்லா. ஆயிரம் தடவை ஆட்டிப் பாக்குத சோதனையை 2021-ல திருத்துனப்பதான் உள்ள சேத்துருக்காவ. ஆடியில அம்மியே பறக்கும்னு நம்ம கெழவி எப்பவோ சொல்லிட்டா, அவளை யாரு கமிட்டியில போட்டா. 25 மில்லிமீட்டர் ஐஸ் உருண்டையைப் பதினோரு இடத்துல சுடுதாவளாம். நமக்கு ஆலங்கட்டியை விட குத்தாலத்துக் குரங்குதான் பயம். அது பதினோரு இடம்னு எண்ணிக்கிட்டா குதிக்கும்?

சூட்டுக் கதையக் கேளு, இதுதான் உன் தலையில ஏறணும். வருஷத்துல ஒரு 175 மணி நேரத்துக்கு மேல பேனலோட சூடு 70 டிகிரியத் தாண்டுத இடம்னா சாதாரணச் சோதனை காணாதுன்னு 2020-லயே தனியா ஒரு வழிமுறை போட்டுட்டாவ, ஐ.இ.சி. 63126-ன்னு. ஏத்தி எறக்குத சூட்டை 85-ல இருந்து 95, 105-ன்னு கூட்டி வச்சுப் பாக்கணும். காத்து நுழைய எடம் விடாம தகரத்தோட தகரமாப் பேனலை ஒட்டி வச்சிட்டுப் போறியளே, அந்தக் கூரைக்கெல்லாம் இது வேணுமா வேண்டாமான்னு ஒருத்தனாவது அளந்து பாத்தானா? மும்பை ஐ.ஐ.டி.க்காரங்க 2013, 2014, 2016, 2018-ன்னு நாடு பூராச் சுத்தி, வெயில்ல கெடந்த பேனலை அளந்தாவ. வெக்கைப் பகுதியில இருக்கது குளிர்ப் பகுதியில இருக்கதை விட வேகமாத் தளருது. பெரிய நெலையத்தை விட வீட்டுக் கூரையில இருக்க சின்னச் சின்ன அமைப்புதான் மோசம்னு வந்துது. நான் எந்தப் பக்கம் இருக்கேன்னு உனக்கே தெரியும். வெக்கை, கூரை, சின்னது. மூணு தோஷமும் ஒரே ஜாதகத்துல.

மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு ஓட்டுதவன் என்ன செய்வான்? வீட்டுலயே கொழுத்த கிடாயை முன்னால விடுவான், உப்புத்தண்ணி காட்டி வயித்தை ரொப்புவான். சோதனைக்குப் பேனலைத் தேர்ந்தெடுத்து அனுப்புததும் கம்பெனிதானே. அதுலயும் சான்றிதழ் அந்தக் கண்ணாடிக்கு, அந்தப் பசைத்தாளுக்கு, அந்தப் பின்தாளுக்குத்தான். விலை கம்மியா வேற தாள் கெடைச்சா மாத்திருதாவ. சரக்கு மாறினா திரும்பச் சோதிக்கணும்னு வழிமுறை இருக்கத்தான் செய்யுது. ஆனா பேரு அதே பேரு, காயிதம் அதே காயிதம். கிடாய்க்கு வாங்கின ரசீதுல வெள்ளாட்டை ஓட்டிட்டு வந்தா நான் எப்படிக் கண்டுபிடிக்க? கடையில இருந்து, லாரியில இருந்து, யாருக்கும் சொல்லாம நாலு பேனலை உருவி எடுத்துப் போய்ச் சோதிக்கட்டும். ரேஷன் எடைக்கல்லுக்கே முத்திரைக்காரன் சொல்லாமத்தான் வாரான்.

இன்னொண்ணு, இதைச் சான்றிதழ் கொடுக்க லேபுல இருக்க பெரிய தலைவகிட்டச் சொல்லு. காத்தாடியைச் சோதிக்க நம்ம கயத்தாறுல நெலையம் வச்சிருக்காவ, ஏன்னா காத்து அங்கதான் அடிக்கி. கங்கைகொண்டானுல 4.3 கிகாவாட்டுக்குப் பேனல் செய்யுத ஆலை வந்தாச்சு. சூரியப் பேனலுக்கான தேசிய நிறுவனம் இருக்கது அரியானாவுல, குருகிராமுல. அங்க சாரல் உண்டா, குரங்கு குளிச்சிட்டு வந்து பேனல்ல முதுகு காய வைக்குமா? இங்க மலையடிவாரத்துல நாலு ஏக்கர்ல எல்லாக் கம்பெனிப் பேனலையும் வரிசையா நிறுத்தி, மாசாமாசம் அளந்து, நோட்டீசு போர்டுல ஒட்டட்டும். ஜனங்க படிச்சுக்கிடுவாவ.

அதெல்லாம் டெல்லி செய்யுதப்பச் செய்யட்டும். உனக்கு வேலை சொல்லுதேன். பின்தாள் என்ன ரகம், பசைத்தாள் என்ன ரகம், எந்த மாசம் எந்த ஆலையில செஞ்சது, இது மூணும் உன் முதலாளி கையெழுத்தோட வேணும். தரைக்கும் பேனலுக்கும் நடுவுல காத்துப் போவ எடம் விட்டுச் சட்டம் அடிக்கணும். தலையில தூக்குத பயலுவ எம் படி ஏறக் கூடாது. மாட்டி முடிச்ச பெறவு கீறல் பாக்குத படம் எடுத்துக் கொடுக்கணும். சரின்னா நாளைக்கே முன்பணம் தாரேன். இல்லன்னா, அத்தை சுக்குக்காப்பி போட்டு வச்சிருக்கா, குடிச்சிட்டுப் போ. காயிதத்தை மட்டும் சட்டைக்குள்ள வச்சுக்க, சாரல் இன்னும் விடல.