பிரளயத்துக்கு நாள் குறித்த பெருமக்கள்

கொத்தனார் எழுப்பிய சுவர் விழுந்தால் கூலி நிற்கும். வைத்தியர் கொடுத்த மருந்து கேட்காவிட்டால் நோயாளி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கிரகங்கள் ஒன்றுகூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாள் குறிப்பவருக்கு மட்டும் தோல்வி என்பதே கிடையாது. இந்தக் கலையில் நம்மவர்கள் எட்டிய சிகரத்தை இன்றைய பிள்ளைகள் மறந்துவிட்டார்களே என்ற ஆதங்கத்தில்தான் இந்தப் பாராட்டுரை.

1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் அஷ்டகிரகச் சேர்க்கை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று விரல்விட்டு எண்ணினால் ஏழுதான் வரும். எட்டாவது ஆள் கேது. கேது கண்ணுக்கும் தெரியாது, தொலைநோக்கிக்கும் அகப்படாது. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிக்கு வைத்த பெயர் அது. வெறும் புள்ளி ஒன்றைச் சபையில் உட்காரவைத்துத் தலை எண்ணும் சாமர்த்தியம் சாதாரண வானியலாளருக்கு வாய்க்குமா?

கூடிய இடம் இன்னும் விசேஷம். வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி நான்கும் அன்று சூரியனுக்கு அந்தப் பக்கம், நம்மைவிட்டு எவ்வளவு தள்ளிப்போக முடியுமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் இருந்தன. பூமிக்கு மிக அருகே வரும்போதுகூட வெள்ளியால் கடல்நீரைத் தூக்க முடிவது சந்திரன் தூக்குவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லாக் கோள்களும் சேர்ந்து இழுத்தாலும் கடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயராது. பூமியை நகர்த்திக் காட்ட ஆர்க்கிமிடீஸ் ஒரு நெம்புகோலும் நிற்க இடமும் கேட்டாராம். நம் பெருமக்கள் பஞ்சாங்கத்துக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என்ன எளிமை!

நாடெங்கும் யாகங்கள் நடந்தன. நெய் குடம் குடமாகத் தீயில் இறங்கியது. பயணங்கள் தள்ளிப்போடப்பட்டன. பிரதமர் நேரு மட்டும் சிரித்தார். அவருக்கு எப்போதுமே ரசனை கொஞ்சம் கம்மி. 6-ஆம் தேதி வழக்கம்போலப் பொழுது விடிந்தது. வேறு தொழில்காரராக இருந்தால் கொஞ்ச நாளாவது வெளியே தலைகாட்டியிருக்க மாட்டார். இவர்களோ நெஞ்சு நிமிர்த்தி வந்தார்கள். யாகம் செய்ததால்தான் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று! அழிந்தால் வாக்குப் பலித்தது, அழியாவிட்டால் பரிகாரம் பலித்தது. (அழிந்திருந்தால் பாராட்ட ஆள் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.)

பர்மாவில் பிரதமர் ஊ நூ, தோஷம் கழிய உயிரினங்களை விடுதலை செய்தார். உலகமும் பிழைத்தது. மார்ச் 2-ஆம் தேதி ராணுவத் தளபதி நே வின் அவருடைய ஆட்சியைக் கவிழ்த்து அவரைச் சிறைப்பிடித்தார். அதைப் பற்றி எட்டுக் கிரகங்களும் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. அண்டசராசரத்தின் கணக்கைப் பார்ப்பவர்களிடம் ஒரு நாற்காலியின் கணக்கைக் கேட்பது நம் அற்பத்தனம். இங்கேயும், உலகம் முடியவிருந்த அதே மாதத்தின் பிற்பாதியில் பொதுத்தேர்தல். ஓட்டுக் கேட்பதை எந்தக் கட்சியும் நிறுத்திவைத்ததாகத் தெரியவில்லை.

இந்த நயம் தெரியாமல் கெட்டவரும் உண்டு. 1186-இல் துலா ராசியில் கோள்கள் கூடியபோது பெரும்புயல் அடிக்கும் என்றார் பாரசீகக் கவிஞரும் சோதிடருமான அன்வரி. குறித்த நாளில் மினார் உச்சியில் ஏற்றிவைத்த விளக்குகூட அணையவில்லை, அவர் அவமானப்பட்டு ஊரைவிட்டே போனார் என்று கதை சொல்கிறது. பாவம், அந்த விளக்கேதான் பரிகாரம் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

மேல்நாட்டார் பிற்பாடு தேறிவிட்டார்கள். ஜான் கிரிப்பின், ஸ்டீபன் பிளேஜ்மன் என்ற இரண்டு வான்இயற்பியலாளர்கள் 1974-இல் 'ஜூபிடர் எஃபெக்ட்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். 1982-இல் கோள்கள் சூரியனின் ஒரே பக்கம் சேரும்போது கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் பெரும் பூகம்பம் வரலாம் என்பது கணிப்பு. 1982 மார்ச் 10 வந்தது, போனது, பூகம்பம் வரவில்லை. அதே வருடம் இன்னொரு புத்தகம் வந்தது: விளைவு 1980-லேயே நிகழ்ந்துவிட்டது, செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்ததே அதுதான்! பரிகாரச் செலவில்லாமல், ஒரு சொட்டு நெய்கூட இல்லாமல், தேதியையே பின்னுக்கு நகர்த்திவிட்டார்கள். இவ்வளவு சிக்கனம் நமக்கு வராது.

ஆகவே பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். 2040 செப்டம்பர் 8 அன்று மாலை, புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் மேற்கு வானில் பத்து டிகிரிக்குள் நெருங்கி நிற்கும், கூடவே பிறையும். இப்படி ஒரு கூட்டத்தை நீங்கள் சும்மா விடப்போவதில்லை. பிரளயத்தை இப்போதே அறிவித்துவிடுங்கள். வீட்டுக் கடனுக்கு நீண்ட தவணை போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். உங்கள் தட்சிணையை மட்டும் செப்டம்பர் 9-ஆம் தேதி போட்ட காசோலையாக வாங்கிக்கொள்ளுங்கள்.