கண்ணிமைக் கோட்பாடும் நான்காவது ஆளும்

புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் எவராயினும், அந்தி வானம், இலைமேல் நிற்கும் மழைத்துளி, பக்கத்து வீட்டுப் பூனை ஆகிய மூன்று பருவங்களைக் கடந்து, குடும்பக் குழுப்படம் என்னும் நான்காம் பருவத்துக்கு வந்தே தீர வேண்டும். "கேமராதான் வச்சிருக்கியே, எல்லாரையும் ஒண்ணு எடேன்" என்று சித்தப்பா சொல்லும் கணத்தை அப்பருவத்தின் தொடக்கம் எனக் கொள்க. முதல் மூன்றுக்கும் வழிகாட்டிகள் மலிந்து கிடக்கின்றன. நான்காவதில் நம் மக்களுக்கென்று ஒரு கோட்பாடு இல்லாத குறையை இக்கட்டுரை தீர்க்க முயல்கிறது.

முன்னோர் ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும், கூட்டத்தில் ஒருவர்கூடக் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, 2006-ல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு பெற்றார்கள். படத்துக்கு நிற்பவர் நிமிடத்துக்குச் சுமார் 10 தடவை இமைக்கிறார். ஒவ்வோர் இமைப்பும் கால் விநாடி. இதிலிருந்து பிறந்த விதி: 20 பேருக்கு உட்பட்ட கூட்டமானால், நல்ல வெளிச்சத்தில் தலைகளை 3-ஆல் வகுக்கவும், வெளிச்சம் போதாவிட்டால் 2-ஆல். 12 பேருக்கு 4 படம், மங்கலில் 6. கூட்டம் 50-ஐத் தொட்டால் ஆசையை விட்டுவிடலாம் என்பது அவர்கள் முடிவு. நம் ஊரில் பெண் வீட்டார் மட்டுமே மேடையேறினாலும் 50 ஆகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

விதியைத் தமிழ் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் முதல் சிக்கல் முளைக்கிறது. மூன்று பேர் என்றால் மூன்றை மூன்றால் வகுக்க ஒன்று. ஒரே கிளிக்கில் வேலை முடிந்தது. கணிதப்படி இதைவிடச் சிக்கனமான கூட்டம் கிடையாது. ஆனால் மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் ஆகாது என்பது நம் வீடுகளின் சட்டம். எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆபத்தா, மூவரும் பிரிந்துபோவார்களா என்பதில் மட்டுமே கருத்து வேறுபாடு. ஆகவே நான்காவதாக ஓர் ஆள் இழுத்துவரப்படுகிறார். பெரும்பாலும் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குழந்தை. அது இல்லாத வீட்டில், பால் பாக்கெட் கொடுக்க வந்தவர். நான்கை மூன்றால் வகுத்தால் ஒன்றேகால் சொச்சம். ஒன்றேகால் படம் எடுக்க முடியாதாகையால் இரண்டு எடுக்க வேண்டும். ஒரு நம்பிக்கை ஒரு குடும்பத்தின் படச்செலவை அப்படியே இரட்டிப்பாக்கிவிடுகிறது. பொருளியல் துறையினர் இதைக் கவனிக்கலாம்.

இமை என்பது ஒரு நவீன நோய் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 1839-ல் டாகேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு வெளியிட்ட காலத்தில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் வெளிச்சம் விழ வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எத்தனை முறை இமைத்தாலும் தகட்டில் பதியாது. தலை ஆடினால்தான் கெட்டது. அதற்காகப் பின்னங்கழுத்தில் இரும்புக் கவ்வி கொடுத்துப் பிடித்தார்கள். ஷட்டர் வேகமாக வேகமாகத்தான் இமை அகப்பட்டுக்கொண்டது.

அந்த வேகத்தையே மருந்தாக்கி, விரலை எடுக்காமல் விநாடிக்கு 10 படம் சுட்டுத்தள்ளுவோர் ஒரு தனிப் பள்ளி. அவர்கள் கணக்கில் ஓட்டை இருக்கிறது. மாமா ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று படம் ஓடிவிடும். அத்தனையிலும் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு கிளிக், ஒரு மூச்சு, மறுபடி ஒரு கிளிக் என்பதே சரி. சிவப்புக் கண்ணைத் தவிர்க்க முன்கூட்டியே ஒருமுறை மின்னும் பிளாஷை அணைத்துவிடுவதும் நல்லது. அந்த முதல் மின்னலுக்குக் கூசி மூடிய கண்ணைத்தான் இரண்டாவது மின்னல் படம் பிடிக்கிறது.

எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் திறக்கச் சொல்லும் பழைய உபாயமும் பரிசோதிக்கப்பட்டது. இளையவர்களிடம் பலன் தருகிறது. பெரியம்மாவிடம் தருவதில்லை. கண்ணை மூடச் சொன்ன உடனே அவர் கையைக் கூப்பிக் குலதெய்வத்தைக் கும்பிட ஆரம்பித்துவிடுகிறார். மூன்றுக்குள் முடிகிற பிரார்த்தனையா அது?

வெயில் வேறு தலைப்பு, சுருக்கமாக முடிக்கிறேன். உச்சிவேளையில் முற்றத்தில் நிறுத்தினால் இமைக்காதவர் கண்ணும் சுருங்கி, குழியில் நிழல் விழும். திண்ணையின் நிழல் விளிம்பில் தெருவைப் பார்த்து நிறுத்தினால் போதும். இரண்டு வரிசை என்றால் லென்ஸ் துவாரத்தை எஃப் 8 அளவுக்குக் குறுக்கி, முன்வரிசை முகத்தில் ஃபோகஸ் வைத்தால் பின்வரிசைத் தாத்தாவும் மங்காமல் விழுவார்.

இனி, ஆஸ்திரேலியர்கள் கண்டிராத மாறி. கண் திறந்திருப்பது போதாது. எங்கே திறந்திருக்கிறது என்பது கேள்வி. இன்று படம் எடுப்பவருக்கு இருபுறமும் நான்கு அலைபேசிகள் நீள்கின்றன. "இங்க பாருங்க" என்று நால்வரும் சொல்ல, அத்தை ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். மொட்டைமாடியிலிருந்து ஒரு பையன் கூப்பிட, குழந்தை வானத்தைப் பார்க்கிறது. இப்பார்வைச் சிதறலை எந்த வகுத்தலும் சரிசெய்யாது.

என் பரிந்துரை, இந்த நேரத்தில் பொழுதுபோக்குக் கலைஞர் போட்டியிலிருந்து விலகிவிட வேண்டும் என்பது. "ரெடி" என்ற சொல்லுக்கு முந்தைய ஐந்து நிமிடமும், "போதும்" என்ற சொல்லுக்குப் பிந்தைய ஒரு நிமிடமும் யாருக்கும் வேண்டாமல் கிடக்கின்றன. மாமா சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடுகிறார். அது தலைமேல் இருக்கிறது. இரு சகோதரிகள் ஒருத்தி முந்தானை மடிப்பை இன்னொருத்தி நீவிவிட்டபடி, பழைய சண்டையொன்றைத் தணிந்த குரலில் தொடர்கிறார்கள். யாரும் கேமராவுக்கு நிற்கவில்லை. எனவே இமையும் குற்றமாகத் தெரிவதில்லை. பக்கவாட்டில் நின்று, சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருக்கலாம். பொழுதுபோக்கின் முழு இன்பமும் இந்த ஆறு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருதுகோள்.

சித்தப்பா கேட்ட படத்தையும் கொடுத்தாக வேண்டுமே. மதிப்பீட்டு முறையைக் கவனித்தால் அதற்கும் வழி தெரியும். படத்தைக் கையில் வாங்கியவர் எவரும் கூட்டத்தைப் பார்ப்பதில்லை. இரு விரலால் தன் முகத்தை மட்டும் பெரிதாக்குகிறார். தன் கண் திறந்திருந்தால் படம் பிரமாதம். ஆகவே எல்லாரும் விழித்திருக்கும் ஒரே படத்தைத் தேடி அலைவது வீண். அவரவர் விழித்திருக்கும் படத்தை அவரவருக்குத் தனித்தனியே அனுப்புக. பெரியப்பா தனக்கு வந்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, அதில் கண் மூடியிருக்கும் அத்தை ஃபோன் செய்தால் என்ன பதில் சொல்வது என்பது அடுத்த ஆய்வாளருக்கு விடப்படுகிறது.