மதில் கட்டிய ஊருக்கு ஒரு வாழ்த்து

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புச் சனத்தைப் புகழத்தான் வேண்டும். சந்தியிலிருந்து சில்லாலைப் பக்கமோ வடலியடைப்புப் பக்கமோ நடந்து பாருங்கள், மதில்கள் எவ்வளவு நேராக நிற்கின்றன! கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள் உழைத்தனுப்பிய காசு வீண்போகவில்லை. வேலி அரக்கியதென்று அயலவர் இருவர் வருடக்கணக்காக நீதிமன்றத்துக்கு அலைந்த காலம் போயிற்று. மதிலை இரவோடிரவாக அரக்க யாராலும் ஏலாது.

வேலி அடைக்கிற பாடும் இல்லை. முன்பு ஓலை வெட்டி, மிதித்து, கதியாலோடு சேர்த்துக் கட்டக் குடும்பமே வெயிலில் நிற்கும். கழித்த ஓலை புகையிலைத் தோட்டத்தில் தாழும். பூவரசங்குழை வயலுக்கு, முள்முருக்கு ஆட்டுக்கு, முற்றிய பூவரசு தச்சனுக்கு. இத்தனையையும் கணக்காகப் பார்க்கிற கரைச்சலை நாங்கள் தலைமுறையோடு முடித்துவைத்தோம். பசளை கடையிலிருந்து பையில் வருகிறது. 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோதும் மதில்கள் அசையவில்லை. அவற்றில் குழைதான் இல்லை.

சட்டத்தை மதிப்பதிலும் குறைவில்லை. 1907ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம் முதன்மையாக அரச காடுகளுக்கானது. குடாநாட்டின் மரமோ பெரும்பாலும் குடிகாணியில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள எங்களை நம்பி விட்டார்கள். பெண்பனை தறிக்க அனுமதி வேண்டுமென்ற சட்டம் நல்ல சட்டம். யுத்தத்தில் காப்பரணுக்கென்று இலட்சக்கணக்கான பனைகள் போனபின் மிஞ்சியவற்றுக்கு அது துணை. அனுமதியின்றித் தறிப்பது குற்றம். நடாமல் இருப்பது குற்றமில்லை. ஆகவே நாங்கள் குற்றமற்றவர்கள்.

கார்த்திகை மரநடுகை மாதத்தில் வடக்கை வெல்ல ஆளில்லை. பாடசாலை, கோயில், தேவாலயம், வங்கி என்று எல்லா இடமும் கன்று ஊன்றுகிறோம். மழைக் காலம், பொருத்தமான நேரம். சித்திரை வெயிலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு மட்டும் இன்னும் ஒருவர் பெயரிலும் எழுதப்படவில்லை.

மரத்தின்மேல் இவ்வளவு அன்பு எங்கள் பாட்டன்மாருக்கு இருந்ததில்லை. சுற்றாடல் தினமென்று அவர்கள் கேள்விப்பட்டதுமில்லை. வருடா வருடம் கொப்புத் தறித்தார்கள். தறித்ததைக் கதியாலாக ஊன்றினார்கள். அது தளிர்த்தது, மறுபடி தறித்தார்கள். நாங்கள் அப்படிக் கல்நெஞ்சர் அல்ல. ஒரு கொப்பு விழுந்தாலும் மனம் பதறுகிறது. பூவரசைத் தூரோடு கிளப்புவதற்கு மட்டும் பெக்கோவைக் கூப்பிடுகிறோம். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுகிறோம்.