வளைவில்லாத ரோட்டிலிருந்து சித்தப்பாவுக்கு

அடிலெய்டு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்க, சித்தி, அப்பத்தா மூணு பேரும் சுகமா இருக்கணும்னு நம்மூர் மூங்கிலணை காமாட்சியைக் கும்பிட்டுக்கிறேன். கதவு சாத்தியிருந்தாலும் காது கேட்கிற தாயாச்சே, ஆஸ்திரேலியாவில் இருந்து சொன்னாலும் கேட்கும்.

பெர்த்திலிருந்து அடிலெய்டுக்குக் கேரவன் இழுத்துக்கிட்டு வந்த கதையைப் போனில் சொன்னால், டீக்கடையில் திருப்பிச் சொல்லும்போது பாதி விட்டுப்போகுது, எழுதியே போடுன்னு சொன்னீங்க. எழுதிட்டேன். காட் ரோட்டு டீக்கடையில் சத்தமாவே படிங்க. கடைசிப் பாராவை மட்டும் வீட்டுக்குப் போய்த் தனியா படிச்சுக்கோங்க.

கேரவன்னதும் ஷூட்டிங்கில் நடிகர் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டின்னு நினைச்சுறாதீங்க. இது இன்ஜினே இல்லாத தகர வீடு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கிட்டே போகணும். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. இங்கே ரிட்டயர் ஆனதும் கிழவனும் கிழவியுமா வீட்டைப் பூட்டிவிட்டு இதை இழுத்துக்கிட்டு மாசக்கணக்கில் கிளம்பிடுறாங்க. நம்மூரில் அந்த வயசில் தனியா பழனிக்குக் கிளம்பினாலே மகன்கள் பஞ்சாயத்து வைப்பானுங்க.

ரிவர்ஸ் எடுப்பதில்தான் வித்தையே இருக்கு. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிச்சால் பின்னால் இருக்கும் வீடு வலது பக்கம் போகும். கிளீனர் வேலையை உங்க மருமகள் எடுத்துக்கிட்டாள். "வரலாம், வரலாம், ஒடிச்சு வா, ஹோல்டேய்!"னு அவள் போடுற சத்தத்தில் பக்கத்து வண்டிக் கிழவர்கள் எல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்து வேடிக்கை பார்க்க உட்கார்ந்துட்டாங்க. கேரவன் பார்க்கில் சாயங்காலப் பொழுதுபோக்கே அடுத்தவன் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதுதானாம்.

பெர்த்திலிருந்து நார்ஸ்மேன் 700 கிலோமீட்டருக்கு மேல். நம்ம சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம். இங்கே அது வெறும் முன்னுரை. அங்கிருந்து செடுனா வரைக்கும் இன்னும் 1,200 கிலோமீட்டர், நல்லர்பார் சமவெளி வழியா. அந்தச் சமவெளி மட்டும் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டை மொத்தமா தூக்கிவச்சாலும் சுற்றிலும் இடம் மிஞ்சும். ஆறுன்னு ஒண்ணு கிடையாது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. விழுற மழை ஓட்டை வழியா இறங்கி அடியில் குகைக்குள் போயிடுது. மஞ்சளாறு வத்திக் கிடந்தாலும் ஆறுன்னு கைகாட்ட நமக்கு மணலாவது இருக்கே.

நார்ஸ்மேன் பக்கம் முழுக்கத் தைல மரக் காடு. கண்ணாடியை இறக்கினால் கொடைக்கானல் வாசம். வெள்ளைக்காரன் இந்த நாட்டிலிருந்து கொண்டுபோய் நம்ம பழனி மலையில் நட்ட ஜாதிதானே அது. கொடைக்கானல் போனவன் எல்லாம் தைலப் பாட்டில் வாங்கி வருவான், நான் அந்த மரத்தின் சொந்த ஊருக்கு வந்து மூக்கை அடைச்சுக்கிட்டு ஓட்டினேன். சளி.

அடுத்து பல்லடோனியா. ஊர்ன்னு சொல்றேனே தவிர, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு ஓட்டல், அவ்வளவுதான். உங்களுக்கு ஸ்கைலாப் ஞாபகம் இருக்கா? 1979 ஜூலை. அமெரிக்காக்காரன் மேலே விட்ட விண்வெளி நிலையம் யார் தலையில் விழுமோன்னு ஊரே நடுங்கியதாகவும், எப்படியும் சாகத்தானே போறோம்னு நம்ம தெருவில் ஒருத்தர் முட்டைக்கோழியை அடிச்சுக் குழம்பு வச்சுட்டதாகவும் அப்பத்தா சொல்லுமே. அந்த 77 டன் சாமான் உடைஞ்சு விழுந்தது இந்தப் பக்கம்தான் சித்தப்பா. ஓட்டலுக்குள்ளேயே துண்டுகளை வச்சிருக்காங்க, தொட்டும் தொடாமலும் பார்த்தேன். இதைவிடப் பெரிய விஷயம், பக்கத்து எஸ்பரன்ஸ் பஞ்சாயத்துக்காரங்க பொது இடத்தில் குப்பை போட்டதாக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதிக் கொடுத்துட்டாங்க. நாசா கட்டவே இல்லை. 2009இல் அமெரிக்க ரேடியோக்காரர் ஒருவர் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார். மஞ்சளாறு அணைப் பக்கம் விழுந்திருந்தால் நம்ம ஆளுங்க அன்னிக்கு ராத்திரியே பழைய இரும்புக்கடையில் எடை போட்டிருப்பாங்க.

பல்லடோனியா தாண்டினதும் 146.6 கிலோமீட்டர் ரோடு, ஒரு வளைவு கிடையாது. தேனியிலிருந்து மதுரைக்குப் போய் அப்படியே திரும்பி வந்த தூரம். கேரட் லோடு லாரியைக் கொண்டை ஊசி வளைவில், எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு இறக்கின கை உங்க கை. இங்கே வந்தால் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். முதல் அரை மணி நேரம் சொகுசாத்தான் இருந்துச்சு. அப்புறம் கண்ணு தானா சொக்குது. உங்க மருமகள் பொறியுருண்டை, பாட்டு, கடைசியில் குடும்பச் சண்டை வரைக்கும் போய் என்னை விழிக்க வச்சாள். நடுவில் ரோட்டிலேயே வெள்ளைக் கோடு போட்டு விமானம் இறங்கும் இடம்னு போர்டு. 1928இல் தொடங்கின பறக்கும் டாக்டர் சர்வீஸ் இன்னும் ஓடுது. நோயாளிக்கு அவசரம்னா இந்த ரோட்டிலேயே பிளேன் இறங்கும். முன்னால் போற லாரி வழிவிடலைன்னு ஹாரன் அடிக்கிற நாம, பின்னால் பிளேன் வந்தால் என்ன செய்வோமோ.

ஹாரன்னதும் ஞாபகம் வருது. சும்மா அடிச்சால் இங்கே அபராதம். எதிரே வர்றவன் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்குவான், நாமும் தூக்கணும். ரெண்டு மூணு டிரெய்லரைக் கோத்து ரயில் மாதிரி வர்ற லாரிகளும் உண்டு. சில பாதைகளில் 50 மீட்டருக்கு மேலேயே நீளம். இதைப் படிச்சதும் நீங்க கேட்கப்போற கேள்வி எனக்குத் தெரியும்: கிளீனர் உண்டா? ஒரு பங்க்கில் நின்னப்போ டிரைவரையே கேட்டேன். கிளீனர் கிடையாதாம், தனி ஆளாம். "டயர் வெடிச்சால்?" "நானேதான்." எந்தப் பெரிய மனுஷனுக்கும் நான் அவ்வளவு மரியாதையா வணக்கம் வச்சதில்லை.

கைகுனா தாண்டினால் கடிகாரத்தை 45 நிமிஷம் தள்ளி வைக்கணும். ஒரு மணி இல்லை, அரை மணி இல்லை, முக்கால் மணி. அரசாங்கம் சொன்ன நேரமும் இல்லை. ரோட்டோரம் இருக்கும் கொஞ்சப் பேர் தாங்களே பேசி வச்சுக்கிட்டது. சின்னவன், "அப்பா, அந்த முக்கால் மணி நேரம் எங்கே போச்சு"ன்னு ராத்திரி வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தான்.

பிறகு ஒரு கணவாய் இறங்கினோம். ஆண்டிபட்டிக் கணவாயில் பாதிகூட இருக்காது, ஆனால் அவ்வளவு நேரம் தட்டையாப் பார்த்த கண்ணுக்கு அதுவே இமயமலை. அடிவாரத்தில் ஒரு போர்டு: மதுரா. வெள்ளைக்காரன் ஆட்சியில் நம்ம மதுரை ஜில்லாவுக்கும் மேப்பில் இதே எழுத்துதான். 1876இல் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்துக் கொடுக்க ஏற்பட்ட இடமாம் இது. தேனி தனி ஜில்லா ஆகும்வரைக்கும் நாமும் மதுரைக்காரங்கதானே, விட்டுருவேனா? போர்டுக்குக் கீழே குடும்பத்தோடு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். அங்கே ஜிகர்தண்டா கேட்டிருக்க வேண்டாம்னு உங்க மருமகள் இன்னும் சொல்றாள். தண்ணியே கேட்டுத்தான் பிடிக்கணும்.

செடுனாவில் செக்போஸ்ட். கம்பமெட்டில் நீங்க பார்க்காத செக்போஸ்ட்டா? ஆனால் இங்கே ஃபிரிட்ஜையே திறந்து பார்க்கிறாங்க. பழ ஈ வந்துரும்னு தக்காளி, மிளகாய், மாம்பழம் எதையும் விடமாட்டாங்க. முந்தின நாளே விஷயம் தெரிஞ்சதும் உங்க மருமகள் இருந்த தக்காளி, பச்சை மிளகாய் எல்லாத்தையும் போட்டுத் தொக்கு கிண்டிட்டாள். பொட்டல்காட்டில் நல்லெண்ணெய் வாசம் பரவினதும் பக்கத்து வண்டிக் கிழவர் ரொட்டியோடு வந்து நின்னார். கண்ணில் தண்ணி வர வர இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். சமைச்சதுக்குத் தடையில்லை. மறுநாள் அதிகாரி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துட்டு, மரியாதையா மூடிக் கொடுத்துட்டார்.

இனிமேல் தனியா படிக்க வேண்டியது. கேரவன் கக்கூஸுக்குக் கீழே சக்கரம் வச்ச ஒரு பெட்டி இருக்கு. அதுக்குப் பேர் கேசட். பண்ணைப்புரத்துக்காரர் பாட்டு இருக்கிற கேசட் இல்லை. நிறைஞ்சதும் நாமேதான் இழுத்துக்கிட்டுப் போய் டம்ப் பாயிண்டில் கொட்டிக் கழுவணும். காலையில் அங்கே வரிசை நிக்கும். எனக்கு முன்னால் நின்னவர் ரிட்டயர்டு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், கேசட்டைக் கையில் பிடிச்சுக்கிட்டே இன்னிக்கு வெயில் எப்படின்னு விசாரிக்கிறார். சித்திகிட்ட சொல்லலாம், தப்பில்லை. அப்பத்தாகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதீங்க. பேரன் வெளிநாட்டில் என்ன வேலை பார்க்கிறான்னு தெருவே கேட்கும்போது, அது வாய் சும்மா இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்