அரை நூல் வித்தியாசம்

அப்பாவுக்குச் சதாபிஷேகம். மலர் ஒன்று போட வேண்டும் என்று நியூஜெர்சியிலிருந்து அண்ணன் உத்தரவு போட்டான். "நீதானே பத்திரிகைக்கெல்லாம் எழுதறே, ஒரு பக்கம் எழுதிடு" என்றதோடு விடாமல், வாட்ஸ்அப்பில் அடைமொழிகளையும் அனுப்பிவைத்தான். கண்டிப்பானவர், எளிமையானவர், பாசமானவர், பலாப்பழம் போன்றவர், ஆயிரம் பிறை கண்டவர். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதின மாதிரி இருந்தது. இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் எந்த அப்பாவுக்கும் மலர் போட்டுவிடலாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

எழுதியதை அப்பாவிடமே படித்துக் காட்டியது என் தப்பு. அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் 1967-இல் சேர்ந்து 2005-இல் ஓய்வு பெற்றவர். கடைசிப் பன்னிரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன். அடுத்தவன் செய்ததை அளந்து பார்த்து, சரியில்லை என்று திருப்பி அனுப்புவதுதான் வேலை. சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இன்னமும் இருக்கிறது. முதல் அங்குலத்தில் கோடுகள் தேய்ந்துபோனதால் ஒன்றிலிருந்துதான் அளப்பார்.

"உயர்ந்த உள்ளம்னு போட்டிருக்கே. எவ்வளவு உயரம்?"

"அப்பா, அது ஒரு பேச்சுக்கு..."

"ராஜகோபுரம் உயரமா இருக்குன்னு சொன்னா வெளியூர்க்காரனுக்கு என்ன புரியும்? 236 அடின்னு சொல்லு."

எளிமையானவர் என்றதும் சமையலறையிலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. "யாரு, உங்கப்பாவா? ரெண்டாம் டிகாஷன்ல காபி போட்டா தம்ளரைத் தொடாமலே கண்டுபிடிக்கற மனுஷன்!" எளிமை போயிற்று. பாசம் என்றால் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் இருப்பதாம், ஜாக்கிரதையாகக் கால் வைக்க வேண்டுமாம். பலாப்பழம் சாப்பிட்டால் அவருக்கு வயிறு உப்பும். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்தவர் என்று அண்ணன் பெருமையாகச் சேர்த்திருந்த வரியும் அடிபட்டது. பொன்மலையில் செய்தது வாஸ்தவம்தான்; ஆனால் அவர் வீட்டுக்கு வந்து சில வருஷம் கழித்து. "நான் பார்த்ததெல்லாம் கூட்ஸ் வேகன். அதைப் போடு."

ஆயிரம் பிறைக்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பிறைக்குப் பிறை 29.53 நாள். ஆயிரத்துக்கு 29,530 நாள். எண்பது வருஷமும் பத்து மாசமும். "கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனா கண்டவர்னுல்ல போட்டிருக்கு? ஐப்பசி கார்த்திகையில மேகம். செகண்ட் ஷிஃப்டுல இருந்த வருஷமெல்லாம் மூணாம் பிறை நேரத்துல பட்டறைக் கூரையைத்தான் பார்த்தேன். சுமார் அறுநூறு பிறை கண்டவர்னு போடு."

அப்பாக்களுக்கு அடைமொழிப் பஞ்சம் புதிதில்லை. மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் தாய்க்கு மகிழ்ச்சியைக் கொடுத்தார்; தகப்பனுக்குக் கொடுத்தது வேலை, பிள்ளையை அவையில் முந்தி உட்காரும்படி ஆக்குவது. எங்கள் ஊர்க்காரர் சுஜாதா தன் தந்தையின் கடைசி நாட்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'அப்பா அன்புள்ள அப்பா' என்று பெயர் வைத்தார். அவ்வளவு சொல் தெரிந்தவர் தேர்ந்தெடுத்த அடைமொழி, ஹாஸ்டலிலிருந்து பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் நாமெல்லாம் போடுகிற அதே 'அன்புள்ள'.

காவிரிக்கு அக்கரையில் மலைக்கோட்டைக்காரர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வரவேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொள்ள, சிவபெருமானே அந்த அம்மாவாக வந்து பிரசவம் பார்த்தாராம். அவருக்குத் தாயுமானவர் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆம்பளையை உச்சத்தில் வைத்துப் புகழ வேண்டுமானால் திருச்சிக்காரர்கள் அவரைப் பெண்ணாக்கிவிடுகிறார்கள்.

அந்தப் பட்டத்துக்கு அப்பாவுக்கும் ஒரு பாத்தியதை உண்டு. நான் நாலாவது படிக்கும்போது, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா பத்து நாள் லால்குடி போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன் கட்டாயம். அப்பா என்னை வாசல் திண்ணையில் உட்காரவைத்து, மூக்கு நுனிக்கு நேரே ஸ்டீல் ஸ்கேலை வைத்து வகிடு எடுத்தார். ஸ்கேல் ஜில்லென்று இருந்தது. எண்ணெய் வைத்து, மூன்று கால் பிரித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னி முடித்ததும், இரண்டு பின்னலையும் தோள் வழியாக முன்னால் இழுத்துப்போட்டு ஸ்கேலால் அளந்தார். பட்டறையில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "இடது பக்கம் அரை நூல் நீளம்." அவிழ்த்து மறுபடி பின்னினார். முதல் மணி அடித்துவிட்டது. பத்து நாளில் ஆறு நாள் வெளியில் நின்றேன்.

அந்த வருஷம் அரைப்பரீட்சையில் கணக்கில் 31 வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது "நாலு கம்மி" என்று மட்டும் சொன்னார். அண்ணன் சொல்லும் கண்டிப்பு இதுதான் என்றால், அதன் மொத்த எடை இரண்டு வார்த்தை.

கடைசியில் மலரில் என்னதான் போடுவது என்று கேட்டேன். பேர், பிறந்த தேதி, சர்வீஸ், உயரம் போதும் என்றார். உயரம் தெரியுமே, சர்வீஸ் புத்தகத்தில் 5 அடி 6 அங்குலம் என்று இருக்கிறது. எழுதப் போனவளைத் தடுத்தார்.

"அது சேர்ந்தப்போ எடுத்தது. இப்ப எடு."

எங்கள் உயரத்தையெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கும் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். தலைமேல் ஸ்கேலைப் படுக்கவைத்து நான் கோடு போட்டேன். டேப்பைப் பிடித்து அவரே படித்தார். குனிந்து இன்னொரு தரம் படித்தார்.

"ஒண்ணே கால் அங்குலம் தேய்மானம்," என்றார். "எண்பது வருஷத்துக்குப் பரவாயில்லை. பாஸ் பண்ணலாம்."

மலர் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் அப்பா பெயர், அதற்குக் கீழே 5 அடி 4¾ அங்குலம்.