எண்பத்தைந்து சதவீத விசுவாசம்

மறுபடியும் வந்துவிட்டது அந்த மெயில். எந்தக் கம்பெனியின் மெயில் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிக்கரணையில் எந்த அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறினாலும், கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் யாரிடம் பேச்சைத் தொடங்கினாலும், தங்களுக்கு வந்த மெயிலைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லா மெயிலுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். முதல் பத்தியில் அன்பு. நாமெல்லாம் ஒரே குடும்பம். இரண்டாவதில் பண்பாடு, நேரில் உட்கார்ந்து பேசும்போது பிறக்கும் யோசனைகளுக்கு ஈடே கிடையாதாம். மூன்றாவதில், வாரத்துக்கு இத்தனை நாள் என்ற கணக்கு. நாலாவதில், எந்தக் குடும்பத்திலும் யாரும் யாருக்கும் எழுதாத ஒரு வாக்கியம்: தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். ஆபீசுக்கு வரச் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. சம்பளம் கொடுப்பவர் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். வருகைப்பதிவைக் கேட்டு வாங்கி, அதை விசுவாசக் கணக்கில் வரவு வைக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். நாற்காலியில் உடம்பு இருக்கிறதா என்று எண்ணிவிடலாம். மனசும் கூட வந்திருக்கிறதா என்பதை வாசலில் நிற்கும் மெஷின் சொல்லாது. இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன். சுலபமான ஒரு தீர்வும் கைவசம் இருக்கிறது, பின்னால் வருகிறது.

ஊகமாக எதுவும் பேச வேண்டாம், ஊரறிந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். டிசிஎஸ் 2023 அக்டோபரிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸ் என்றது. 2024 ஏப்ரலில், காலாண்டு ஊக்கத்தொகையை வருகையோடு முடிச்சுப்போட்ட செய்தி வந்தது. 85 சதவீதத்துக்கு மேல் வந்தால் முழுத்தொகை. 75 முதல் 85 வரை என்றால் முக்கால். 60 முதல் 75 வரை பாதி. 60-க்குக் கீழே ஒன்றுமில்லை. 75 சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்ற மிரட்டலிலிருந்து நாலு வருஷம் கழித்துத் தப்பி வந்த பிள்ளைகளுக்கு, இங்கே பாஸ் மார்க் இன்னும் பத்து கூடிவிட்டது. கல்லூரியிலாவது மெடிக்கல் சர்டிபிகேட்டைக் கொடுத்து, காண்டொனேஷன் கட்டி ஒப்பேற்றலாம். இந்தக் கணக்கில் 84 சதவீதக்காரர் கால் பங்கு விசுவாசம் குறைந்தவர். அவர் எழுதிய கோடு ஓடுகிறதா, கிளையன்ட் சந்தோஷமாக இருக்கிறாரா என்பதெல்லாம் வேறு நோட்டு. எதை அளக்கிறீர்களோ அதைத்தானே ஜனங்கள் கொடுப்பார்கள்? கார்டைத் தேய்த்தோமா, கேன்டீனில் ஒரு காபி குடித்தோமா, டிராஃபிக் கூடுவதற்குள் கிளம்பினோமா என்று ஒரு கூட்டம் உலகம் முழுக்க முளைத்தது. உடனே, எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார் என்று எண்ண ஆரம்பித்தார்கள். நாற்காலி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப்பார்க்க ஆள் போடுவது ஒன்றுதான் பாக்கி.

பண்பாடுதான் காரணம் என்றால் அந்தப் பண்பாடு மூன்று வருஷம் எங்கே போயிருந்தது? 2020-இல் இதே டிசிஎஸ்தான் ‘25-க்கு 25’ என்ற திட்டத்தை அறிவித்தது: 2025 வரும்போது, எந்த நேரத்திலும் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் ஆபீசில் இருந்தால் போதும். 2025-உம் வந்தது, ஐந்து நாளும் கூடவே வந்தது. நடுவில் 2022-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரல்–ஜூன் காலாண்டு முடிந்தபோது, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப்போனவர்கள் விகிதம் 28.4 சதவீதம். எல்லா நிறுவனமும் ஆளைப் பிடித்துவைக்கத் தவித்த காலம் அது. அப்போது வீட்டிலிருந்து செய்த வேலையை யாரும் குறை சொல்லவில்லை. கேட்டால் இன்னும் இரண்டு மானிட்டர் அனுப்பியிருப்பார்கள். 2023-இல் சந்தை படுத்தது, கட்டடத்தின் மேல் காதல் எழுந்தது. அக்டோபரில் டிசிஎஸ், நவம்பரில் விப்ரோ, வாரத்துக்கு மூன்று நாள், இன்ஃபோசிஸில் மாதத்துக்குப் பத்து நாள். வீடியோ மீட்டிங்கை விற்றே கோடிகள் பார்த்த ஜூம் நிறுவனமே, ஐம்பது மைல் சுற்றளவில் இருக்கும் தன் ஊழியர்களை வாரத்துக்கு இரண்டு நாள் நேரில் வரச் சொன்னது. ஆள் கிடைக்காதபோது வீட்டிலிருந்து ஜோராக நடந்த வேலை, ஆள் மிஞ்சியதும் நடக்கவில்லையாம்.

நேரில் வந்தால்தான் வேலை என்ற வாதத்துக்கு நம் பகுதியில் ஒரு நிரந்தர எதிரி உண்டு. பெயர், வடகிழக்குப் பருவமழை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, 15 முதல் 18 வரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுங்கள் என்று ஐ.டி. நிறுவனங்களுக்குத் தமிழக அரசே அறிவுரை சொன்னது. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. உரிமையாளர்கள் வீட்டில் லாக்-இன் செய்தார்கள். அந்த நாலு நாளும் டெலிவரி நடந்தது, பில்லும் போனது. ஆகவே மழைக்கும் பண்பாட்டுக்கும் ஏதோ ஒரு விஞ்ஞானத் தொடர்பு இருக்க வேண்டும். வானிலை ஆய்வு மையக் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. அதாவது 64 மில்லிமீட்டர் வரை புது யோசனைகள் காபி மெஷின் பக்கத்தில் மட்டுமே பிறக்கும். அரை மில்லிமீட்டர் கூடினால் வீட்டு டைனிங் டேபிளிலும் பிறக்கத் தொடங்கும். மிகக் கனமழை என்றால் மேனேஜருக்கே நம்மேல் நம்பிக்கை வந்துவிடும். அதிகனமழைக்கு ‘பத்திரமாக இருங்கள்’ என்று மெசேஜ் வரும். நாளை ரிலீஸ் தள்ளிப்போகாதே என்ற விசாரிப்பு அடுத்த வரியில் வரும்.

இந்த விஞ்ஞானத்தை இன்னும் கொஞ்சம் விரிக்கலாம். வங்கக்கடலில் தாழ்வுப்பகுதி உருவானால் ஆபீசுக்கு வர வேண்டும். அது தாழ்வு மண்டலமானால் ‘நிலைமையைக் கவனித்து வருகிறோம்’ என்று ஒரு மெயில். ஆழ்ந்த தாழ்வு மண்டலமானால் உங்கள் டீம் லீடரிடம் பேசி முடிவெடுங்கள். புயலானால், அதற்குப் பெயரும் வைத்தானபின், வீட்டிலிருந்தே செய்யலாம். கரையைக் கடந்த மறுநாள் விசுவாசமும் கரையேறிவிட வேண்டும், தெருவில் தண்ணீர் வடிந்ததா என்பது தெருவின் பாடு. ஆகவே ஐ.டி. துறையின் உண்மையான மனிதவள அதிகாரி தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான்தான். ராத்திரி பத்து மணிக்கு அவர் பதிவைத் தேடிப்போகும் அளவுக்கு ஆவலாகச் சொந்த கம்பெனியின் ஆண்டறிக்கையை யாராவது தேடியதுண்டா? அவர் ‘பெரிதாக மழை இல்லை’ என்று எழுதினால் பள்ளிக்கரணையே பெருமூச்சு விடும். பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தப் பகுதி தண்ணீரிலும் இருட்டிலும் நாள்கணக்கில் கிடந்தது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. அப்போதும் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, சார்ஜ் போட இடம் தேடி முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். அதை எந்த மெஷினும் ஸ்வைப்பாகப் பதியவில்லை. சரி, மழையை விடுகிறேன். விட்டால் வெயிலுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

விசுவாசத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கேட்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. ஒருகாலத்தில் சதுப்பு இதைப்போல் சில மடங்கு. அதன் ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக்கிடங்கு, இன்னொரு பக்கம் வேளச்சேரி–தாம்பரம் சாலை. தென்சென்னையின் மழைநீர் வந்து இறங்குகிற இந்த இடத்தில் இருபது வருஷக் கடனில் டபுள் பெட்ரூம் வாங்கியவர்கள் பூநாரை பார்க்கவா வாங்கினார்கள்? ரேடியல் ரோட்டைப் பிடித்தால் துரைப்பாக்கம், மேடவாக்கம் வழியாகப் போனால் சோழிங்கநல்லூர், சிறுசேரி, எதிர்த்திசையில் தாம்பரம் மெப்ஸ். ஆபீசுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினார்கள். ஆபீசுக்குப் பக்கம் வந்தபின் ஆபீஸ் தூரமாகிவிட்டது. மெட்ரோவின் ஐந்தாவது வழித்தடம் மேடவாக்கம் வழியே சோழிங்கநல்லூருக்கு வருகிறது, வரட்டும், நல்லதுதான். அதுவரை தடுப்புத் தகரங்களுக்கு நடுவே கம்பெனி கேபும் தண்ணி லாரியும் பள்ளி வேனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வெளியூர்ப் பறவைகூட சீசனுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது, அதற்கு யாரும் 85 சதவீதம் போடுவதில்லை. இவர்கள் மாதத் தவணையோடு நங்கூரம் போட்டவர்கள். இவர்களுக்கா விசுவாசம் இல்லை?

தீர்வைச் சொல்லலாம் என்றால் அதற்குள் ஆட்சேபங்கள் கதவைத் தட்டுகின்றன. முதல் ஆட்சேபம் நியாயமானது: புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதானே தொழிலைக் கற்க முடியும்? உண்மை. ஒரு சீனியர் பிழை தேடும்போது பின்னால் நின்று பார்ப்பது பத்து வீடியோவுக்குச் சமம். ஆனால் அந்தச் சீனியர் எங்கே இருக்கிறார்? டீமில் ஒருவர் புனேயில், இருவர் கொச்சியில், கிளையன்ட் டல்லாஸில். பையன் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து, முன்பதிவு செய்த மேஜை எண்ணைத் தேடி, போன ஆள் விட்டுப்போன பிஸ்கட் துகளைத் துடைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ‘நான் பேசுவது கேட்கிறதா’ என்று ஆரம்பிக்கிறான். பக்கத்து மேஜையில் இன்னொருவர் வேறொரு நாட்டிடம் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொடுக்கத்தான் கூப்பிடுகிறோம் என்றால், டீம் முழுவதும் சேரும் நாளில் கூப்பிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்துச் செய்த சோதனை 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலைத்திறனோ பதவி உயர்வோ குறையவில்லை. வேலையை விட்டுப்போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விட்டுப் போகாமல் இருப்பதுதான் விசுவாசம் என்றால், அது வீட்டில் விளைந்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம்: கண் மறைந்தால் இன்னொரு கம்பெனிக்கும் வேலை பார்ப்பார்கள். 2022 செப்டம்பரில் விப்ரோ அப்படி 300 பேரை வெளியே அனுப்பியது. அந்த நிறுவனத்தில் அப்போது இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். சதவீதக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆட்சேபம் சமையலறையிலிருந்து வருவது, அதனால் பலமானது: நர்ஸ் போகிறார், பஸ் கண்டக்டர் போகிறார், குப்பை அள்ளுகிறவர் விடிவதற்கு முன்னே போகிறார்; ஏசியில் உட்காருகிற உங்களுக்கு மட்டும் என்ன வலிக்கிறது? வலிக்கத்தான் செய்கிறது, அதைச் சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. ஆனால் பஸ்ஸை வைஃபையில் ஓட்ட முடியாது, லேப்டாப்பில் முடியும் வேலைக்குக் காரை எடுத்துப் போனால் கண்டக்டரின் பஸ் இன்னும் பத்து நிமிஷம் தாமதம். தவிர, கண்டக்டரிடம் யாரும் போக்குவரத்துக் கழகத்தை மனசாரக் காதலிக்கச் சொல்வதில்லை. டியூட்டிக்கு வந்தாரா, டிக்கெட் கொடுத்தாரா, அவ்வளவுதான் கேள்வி. அந்த மரியாதையைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன ஊர் இது; நினைக்கத் தயார்தான். ஆனால் உப்பிட்டவரும் கொஞ்சம் நினைக்க வேண்டாமா? 2025 ஜூனில் டிசிஎஸ்ஸில் ஒரு விதி: ஆண்டுக்கு 225 நாளாவது கிளையன்ட் கணக்கில் பில் ஆக வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ப்ராஜெக்ட் கிடைக்காதது ஊழியரின் குற்றமாகிவிட்டது. அடுத்த மாதமே, ஊழியர்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேர் குறைக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு. அவர்களில் 85 சதவீதத்தைத் தாண்டி வந்தவர்களும் இருந்திருப்பார்கள்தானே? கார்டைத் தேய்த்த கணக்கு அவர்களைக் காப்பாற்றியதா? புதிதாகச் சேர்பவர்களின் ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே பத்து வருஷத்துக்கு மேல் கிறங்கிக் கிடக்கிறது. வீட்டு வாடகை கிறங்கவில்லை. விசுவாசம் ஒருவழிப் பாதை என்றால் அதற்கு ஒரு போர்டாவது வைக்கலாம்.

எனவே நேராகக் கேட்டுவிடுங்கள். கட்டடத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது, காலியாகக் கிடந்தால் கண்ணை உறுத்துகிறது, ஆள் கண்முன்னே இருந்தால்தான் எங்களுக்குத் தைரியம் என்று ஒரே வரியில் மெயில் போடுங்கள். முணுமுணுத்துக்கொண்டே வருகிறோம், 85 என்ன, 90 சதவீதமே காட்டுகிறோம். அதற்குமேல் மனசும் வேண்டும் என்றால், நோட்டீஸ் காலத்திலிருந்து ஆரம்பிப்போம். நான் விலக வேண்டுமென்றால் 90 நாள் காத்திருக்க வேண்டும், அவர்கள் என்னை விலக்க வேண்டுமென்றால் ஒரு மீட்டிங் போதும், சாயங்காலத்துக்குள் லேப்டாப் லாக் ஆகிவிடும். இரண்டு பக்கமும் 90 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். விசுவாசத்தைப் பற்றி அன்றைக்குப் பேசலாம், ஆபீசுக்கே வந்து பேசுகிறேன்.