இருந்தும் இல்லாச் சரக்கு: துண்டுக் கோட்பாடு குறித்த ஓர் ஆய்வு

கோடவுனில் 40 மோட்டார் கண்ணெதிரே அடுக்கியிருக்க, பத்துக்கு சேல்ஸ் ஆர்டர் போட்டால் ‘இருப்பு இல்லை’ என்று கணினி சிவப்பில் சொல்வது என்னை? சாப்ட்வேர் கோளாறு என்பார் ஒரு சாரார். இவர் கணினியை அணைத்துப் போடுவார். அற்றன்று.

இருப்பு மூவகைப்படும்: கையிருப்பு, ஒதுக்கிய இருப்பு, விற்கத்தக்க இருப்பு. முதலதில் இரண்டாவதைக் கழிக்க மூன்றாவது கிடைக்கும். கோடவுன்காரர் பார்ப்பது முதலது, சேல்ஸ்காரர் பார்ப்பது மூன்றாவது. ஆகவே இருவரும் உண்மையே பேசிச் சண்டையிடுவர். கோவைப் பக்கத்துப் பம்ப்செட் மொத்தக்கடை ஒன்றில் பதிவான சான்று வருமாறு:

“ஏனுங்ண்ணா, சிஸ்டத்துல ஜீரோ காட்டுதுங்க.”

“அப்ப நான் எது மேல உக்காந்து டீ குடிக்கறேன்?”

ஒதுக்கீடாவது, பஸ் சீட்டில் துண்டு போடுதல். ஆள் ஏறாவிட்டாலும் சீட்டு அவருடையதே. எனவே துப்புத் துலக்குவோர் சரக்கை எண்ணலாகாது, துண்டுகளை எண்ணுக. மேற்படி கடையில், முடிக்காமல் கிடந்த ஆர்டர்களைப் பழைய தேதி முதலாக வரிசைப்படுத்தியபோது மூன்று துண்டுகள் அகப்பட்டன. 30 கேட்டு 24 மட்டும் எடுத்துப்போன வாடிக்கையாளரின் மீதி 6. அவர் அதை மறந்தார். ஆர்டரை முடித்துவைக்கக் கடையும் மறந்தது. ஒரே ஆர்டரை இருவர் தனித்தனியே பதிந்ததில் 12. மாதக் கடைசியில் ‘எடுத்தாலும் எடுப்பாங்க’ என்ற நம்பிக்கையில் ஒரு பிரதிநிதி போட்டுவைத்தது 22. ஆகமொத்தம் 40.

சிறுபான்மைக் காரணங்களும் உள: ஆர்டரில் ஒரு கோடவுன், சரக்கு வேறொரு கோடவுனில், வந்திறங்கிய லாரிக்கு வரவு போடாமை, பெட்டிக்கும் பீஸுக்கும் குழப்பம். இவை விரிப்பின் பெருகும்.

இனி மென்பொருள்களுக்கிடையே மரபு வேறுபாடு. ஐ.பி.எம்.மை விட்டு வந்த ஐவர் 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி., தடுத்துவைத்த சரக்கை விலக்கி, எந்தத் தேதிக்கு எவ்வளவு தர இயலும் எனக் கணித்து வாக்குக் கொடுப்பது. 1986இல் தோன்றிய நம் பெங்களூரு டேலியோ, ஓர் எச்சரிக்கையோடு மைனஸ் இருப்பிலும் பில் போட விடும். இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது எனும் சைவ சித்தாந்தச் சற்காரியவாதத்தை இவ்வளவு எளிதாகக் கடந்தவர் தத்துவ உலகில் அரியர்.

துண்டை எடுத்ததும் சீட்டு நமக்கே என்று எண்ணற்க. பல மென்பொருள்களில் காத்திருக்கும் ஆர்டர் தானாக எழுந்துபோய் உட்காராது. ஒதுக்கீட்டை மறுபடி ஓட்ட வேண்டும். ஆர்டர் தேதிப்படியா, டெலிவரி தேதிப்படியா, பெரிய பார்ட்டிக்கே முதலிலா என்பதை அமைப்புப் பக்கத்தில் யாரோ என்றோ முடிவு செய்திருப்பார்.

மேற்படி கடையில் மூன்று துண்டுகளையும் விலக்கிவிட்டு ஒதுக்கீட்டை ஓட்டப் போவதற்குள், அதே பிரதிநிதி 35க்குப் புது ஆர்டர் பதிந்துவிட்டார். வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தில் ‘கேஷ்’ என்றிருந்தது.